எகிப்தியரின் அன்றாட வாழ்க்கையைக் கல்லறை காட்டுமா?

கேள்வி: மார்ச் 3

சென்ற வாரம் பண்டைய எகிப்தின் கலையும் அன்றாட வாழ்க்கையும் பற்றிய ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். கட்டில், நாற்காலி, கண்மைச் சிமிழ், ரொட்டி, செருப்பு என்று எதன் அருகே நின்று குறிப்பைப் படித்தாலும், அது கல்லறையில் கிடைத்தது என்றே எழுதியிருக்கிறது. பிணத்தோடு புதைத்தவற்றை அடுக்கிவைத்துவிட்டு அதற்கு அன்றாட வாழ்க்கை என்று பெயரிடுவது எப்படிப் பொருந்தும்? வாழ்நாள் முழுவதும் சாவையே நினைத்துக்கொண்டிருந்த மக்கள் இவர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இத்தாலியின் துரின் நகரத்து எகிப்திய அருங்காட்சியகத்தை இருமுறை பார்த்திருப்பதாக முன்பு எழுதிய ஐயா இதற்கு விடை சொல்ல வேண்டும்.

மார்ச் 4

சாவையே நினைத்தவர்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை, தம்பி. மகள் மிலானில் வேலை பார்ப்பதால் அங்கிருந்து ரயிலில் துரினுக்குப் போய்வரும் வாய்ப்பு எனக்கு இரண்டு முறை கிடைத்தது. 1824இல் நிறுவப்பட்ட அந்த அருங்காட்சியகத்தில் பெரிய அரசர்களின் கற்சிலைகள் நிறைய உண்டு என்றாலும், இரண்டு முறையும் நான் அதிக நேரம் நின்றது கா என்ற கணவருக்கும் மெரிட் என்ற மனைவிக்கும் உரிய பொருள்களின் முன்னால்தான். எகிப்தில் தைர் எல்-மதீனா என்ற ஊரின் மலைச்சரிவில் 1906இல் இத்தாலிய அகழ்வாய்வாளர் எர்னெஸ்தோ ஸ்கியாபரெல்லியின் குழு கண்டெடுத்த அவர்களுடைய கல்லறையில், திருடர் கை படாமல், 460க்கு மேற்பட்ட பொருள்கள் இருந்தன. வழிபாட்டுச் சிற்றறை ஓரிடத்திலும் உடல்களை வைத்த அறை அதற்கு எதிரேயுள்ள சரிவிலுமாக அமைந்ததால் அது தப்பியது.

கா, அரசர்களின் கல்லறைகளை அமைக்கும் பணிக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். இன்றைக்கு ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். நானும் முப்பத்தோராண்டுகள் கட்டட வேலைத்தலங்களில் மேற்பார்வையாளராக இருந்தவன் என்பதால், அவருடைய பெட்டிகளை வேற்று நாட்டு விநோதமாக என்னால் பார்க்க முடியவில்லை. முக்கோணமாக வெட்டித் தைத்த இடைத்துணிகள் மட்டுமே ஐம்பது அளவில் அங்கே இருந்தன. துணிகளில் அவருக்கு உரியவை என்று அடையாளம் காட்டும் சிறு குறிகள் போடப்பட்டிருக்கின்றன. எங்கள் வீட்டில் வெளுப்புக்குப் போகும் வேட்டிகளின் ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் இட்ட கறுப்புக் குறி, எத்தனை முறை வெளுத்தாலும் போகாமல் இருந்ததைச் சிறுவயதில் நான் பார்த்திருக்கிறேன்; அந்தக் குறியைக் கண்டதும் இது ஊர்ப் பொது வெளுப்பில் கலந்து திரும்பிவந்த துணி என்று எனக்கு உடனே தோன்றியது. செத்த பிறகும் வெளுத்த துணி வேண்டும் என்று எண்ணியவர் சாவை நினைத்தவரா, வாழ்க்கையை விடமாட்டேன் என்றவரா?

இரண்டாம் அமென்ஹோதெப் அரசன் அளித்த, பொன்தகடு போர்த்திய முழக்கோலும் அங்கே இருக்கிறது. அதை இடுப்பில் செருகிக்கொண்டுதான் கா நாள்தோறும் வேலைக்கு இறங்கியிருப்பார்.

மார்ச் 4, இரவு

மேலே முழக்கோலைப் பற்றி எழுதிய கடைசி வரி தவறு. கண்ணாடிப் பேழையின் முன்னால் எடுத்த குறிப்பேட்டை இப்போது திறந்து பார்த்தேன். கல்லறையில் இருந்த முழக்கோல்கள் இரண்டு. பொன் போர்த்தியது அரசனின் பரிசு; அதை வைத்து எவரும் கல்லை அளந்திருக்க மாட்டார். மற்றொன்று வெறும் மரத்தால் ஆனது, நடுவில் மடங்குவது. எடுத்துச் செல்வதற்கென்று அதற்கு ஒரு தோலுறையும் உண்டு. வேலைக்குப் போன கோல் இதுதான். என் சட்டைப்பையில் இருந்த மடக்கு அளவுகோலும் இந்த வகைதான். எகிப்திய அரசமுழம் 52 செண்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஏழு உள்ளங்கை அகலம், ஓர் உள்ளங்கைக்கு நான்கு விரலாக 28 விரல்.

மார்ச் 6

கேள்வி கேட்ட தம்பி, என் திருத்தமே தம் பக்கம் சாய்கிறது என்று எழுதியிருக்கிறார். இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொல்வதில் நான் முதலில் ஒத்துக்கொண்டதைவிட அதிக உண்மை இருக்கிறது.

காவின் உயர்ந்த சாய்மான நாற்காலியை எடுத்துக்கொள்வோம். தூரத்திலிருந்து பார்த்தால் விலையுயர்ந்த மரமும் தந்தமும் இழைத்துச் செய்தது போலத் தெரியும். அருகில் போனால் அத்தனை இழைப்பு வேலையும் வண்ணத்தால் தீட்டியது. அதை வீட்டில் போட்டு உட்கார்ந்தாரா, கல்லறைக்கென்றே செய்வித்தாரா என்ற ஐயம் இயல்பாகவே எழுகிறது. முதல்முறை போனபோது அந்த நாற்காலியை நான் பாராட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். இரண்டாம் முறைதான் இருக்கையில் தேய்மானம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்று அதற்குமேல் எதையும் முடிவுசெய்ய என்னால் இயலவில்லை.

இதைவிட முக்கியமானது பங்கீடு. கல்லறைப் பொருள்களில் மிகப் பெரும்பகுதி காவுக்கு உரியவை. மெரிட்டுக்கு உரியவை என்று சொல்லத்தக்கவை அவருடைய ஒப்பனைப் பெட்டி, விரிப்புகளோடு கூடிய கட்டில், மனித முடியால் செய்த பொய்முடி, அதை வைப்பதற்கான உயரமான மரப்பேழை என்று சிலவே. மெரிட் அந்த வீட்டில் இருந்ததும் உழைத்ததும் இவ்வளவு குறைவாகவா இருந்திருக்கும்? வீட்டில் இருந்ததெல்லாம் கல்லறைக்குப் போகவில்லை. யாரோ ஒருவர் எது போக வேண்டும், எது பிள்ளைகளுக்கு மிஞ்ச வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எடுத்துவைத்திருக்கிறார். அந்தத் தெரிவைத்தான் நாம் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கிறோம்; வீட்டை அப்படியே பார்க்கவில்லை.

எனவே என் விடையைத் திருத்திக்கொள்கிறேன். சாவையே நினைத்தவர்கள் என்ற தங்கள் முடிவு தவறு என்றே இன்னும் கருதுகிறேன். ஆனால் அன்றாட வாழ்க்கை என்ற தலைப்பைப் பற்றித் தாங்கள் எழுப்பிய ஐயம் சரியானது.

மார்ச் 7

அந்த உணவெல்லாம் இன்னும் உணவாகவே இருக்கிறதா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். இருக்கிறது, அம்மா. பல வடிவங்களில் சுட்ட ரொட்டிகள், பூண்டு, வெங்காயம், பேரீச்சை, அத்தி எல்லாமே வற்றி நிறம் மாறியிருந்தாலும் இன்னது என்று சொல்லும்படியாக இருக்கின்றன. மூடி கட்டிய சாடிகளைப் பெரும்பாலும் திறக்காமலேயே வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய மரியாதையாகத் தோன்றியது. பாத்திரங்களைப் பல நாள் பைகளுக்குள் வைத்து, அவற்றிலிருந்து கசியும் வாசனை மூலக்கூறுகளை மட்டும் ஆராய்ந்ததில், தேன்மெழுகு, உலர்மீன், பழம் ஆகியவற்றின் தடயங்கள் தெரிந்ததாக 2022இல் செய்தி வந்தது. உடைக்காமல், சுரண்டாமல், முகர்ந்தே அறிந்திருக்கிறார்கள்.

மார்ச் 10

வீடு தெரிய வேண்டுமென்றால் கல்லறையை விட்டுக் குப்பைமேட்டுக்குப் போக வேண்டும் என்று நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததும், இதை முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால் காவின் ஊரே அதற்குச் சான்று.

தைர் எல்-மதீனா, அரசர் கல்லறைகளைக் குடைந்த கல்தச்சர்களும் ஓவியர்களும் குடும்பத்தோடு வாழ்ந்த மதில் சூழ்ந்த சிற்றூர். பிரெஞ்சு அகழ்வாய்வாளர் பெர்னார் ப்ருயேர் 1922இல் தொடங்கிப் பல ஆண்டுகள் அங்கே அகழ்ந்தார். ஊருக்கு அருகே தண்ணீர் தேடி முற்காலத்தில் தோண்டிய பெரும்பள்ளம் ஒன்று பின்னாளில் குப்பைக்குழியாகிப்போனது. எழுதிய சுண்ணாம்புக்கல் சில்லுகளும் பானை ஓடுகளும் அந்தக் குழியிலிருந்து ஆயிரக்கணக்கில் கிடைத்தன. நாணல் தண்டில் செய்த எழுதுதாளான பாப்பிரஸுக்கு விலை அதிகம். காலடியில் கிடக்கும் கல்சில்லுக்கு விலை இல்லை. அதனால் கடன், கடிதம், வழக்கு, வெளுப்புக் கணக்கு என்று எல்லாவற்றையும் சில்லில் எழுதி, வேலை முடிந்ததும் வீசியிருக்கிறார்கள். வெளுப்புக் கணக்குச் சில்லுகள் சிலவற்றில் எழுத்துக்குப் பதிலாகத் துணிகளின் படமே வரையப்பட்டிருக்கிறது. எழுத்தறியாத சலவைக்காரருக்கும் எத்தனை உருப்படி என்பது புரிந்திருக்கும். காவின் துணிக்குறிக்கு மறுபக்கம் இது.

இவற்றுள் என் மனத்தை விட்டு அகலாதது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சுண்ணாம்புக்கல் பலகை. இரண்டாம் ராமசேஸின் நாற்பதாம் ஆட்சியாண்டில் எழுதியது. நாற்பது தொழிலாளரின் பெயர்கள், அவரவர் வராத நாள்கள், ஒவ்வொரு தேதிக்கும் மேலே சிவப்பு மையில் காரணம்: இவரைத் தேள் கொட்டியது, இவருக்குக் கண் நோய், இவர் பீர் காய்ச்சினார், இவர் இறந்த சகோதரனின் உடலைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தார், இவருடைய மனைவிக்கோ மகளுக்கோ மாதவிலக்கு. முப்பத்தோராண்டுகள் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதியவன் நான். ஊர்த் திருவிழா, மாமியார் இறப்பு, குழந்தைக்குக் காய்ச்சல், கொத்தனார் வரவில்லை என்பதால் சித்தாளும் வரவில்லை என்று என் கையாலேயே எத்தனை பக்கம் எழுதியிருப்பேன். அந்தப் பலகையை எழுதியவர், காரணத்தை எழுதாமல் வெறும் புள்ளி வைத்திருந்தாலே கணக்கு நேராகியிருக்கும். ஆனாலும் எழுதியிருக்கிறார். வராதவனுக்காகப் பின்னால் யாரிடமோ பேச வேண்டிய மேற்பார்வையாளரின் கை அது என்று எனக்குத் தெரிகிறது.

துரினில் இதற்கு நிகரான ஒன்று உண்டு, அது பாப்பிரஸ். மூன்றாம் ராமசேஸின் இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 1157ஐ ஒட்டி, கூலித் தானியம் வராததால் இவ்வூர்த் தொழிலாளர் ஊர்க்காவலைக் கடந்து போய் ஒரு கோயிலின் பின்புறம் உட்கார்ந்துவிட்ட செய்தி அதில் இருக்கிறது. பசியாலும் தாகத்தாலும் வந்திருக்கிறோம், துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்று அவர்கள் முறையிடுகிறார்கள். மாதக் கூலி கோதுமையாகவும் பார்லியாகவும் அளக்கப்பட்ட ஊரில், கோதுமை ரொட்டிக்கும் பார்லி பீருக்கும் போகும். தானியம் நின்றால் அடுப்பு நின்றது என்று பொருள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இரண்டு மாதம் கூலி வராமல் ஆட்கள் கம்பிக் கட்டுகளின் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். மேலே கேட்கவும் வழியில்லாமல், அவர்கள் முகத்தைப் பார்க்கவும் முடியாமல் நான் நின்ற மூன்று நாள்களை மறக்க இயலாது. அந்தப் பாப்பிரஸின் முன்னால் என்னால் நெடுநேரம் நிற்க முடியவில்லை.

மார்ச் 11

மேலே நான் மூன்று காலங்களை ஒன்றாக்கிவிட்டேன் என்று சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. உண்மைதான். கா வாழ்ந்தது கி.மு. 1400ஐ அடுத்த ஆண்டுகளில். வருகைப் பலகை ஏறத்தாழ கி.மு. 1250, கூலி மறியல் அதற்கும் ஏறக்குறைய நூறாண்டு பின். ஊர் ஒன்று, தொழில் ஒன்று. ஆள்கள் வேறு, காலம் வேறு. காவின் ஆட்கள் தேள்கடிக்கு எப்படி விடுப்பு எடுத்தார்கள் என்று அந்தப் பலகையை வைத்துச் சொல்ல முடியாது.

மார்ச் 15

கேள்வியின் முதல் பாதி கலையைப் பற்றியது. அதை நாம் எல்லோரும் விட்டுவிட்டோம். கல்லறைப் பொருளையே நம்பக்கூடாது என்றால் கல்லறை ஓவியத்தை எப்படி நம்புவது என்று தம்பி மீண்டும் கேட்கிறார்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நெபாமுன் என்ற தானியக் கணக்கரின் கல்லறைச் சிற்றறையிலிருந்து பெயர்த்தெடுத்த பதினொரு ஓவியத் துண்டுகள் உள்ளன, கி.மு. 1350ஐ ஒட்டியவை. 1820ஐ ஒட்டிச் சுவரிலிருந்து வெட்டியெடுத்தபோது அந்தக் கல்லறை எங்கே இருந்தது என்பதைச் சரிவரக் குறித்துவைக்கவில்லை. இன்றுவரை அது காணாமல் போனதே. பெயர்த்தவர்களின் கைகளால் அந்தக் குடும்பம் இரண்டாம் முறை வீடிழந்தது என்றே நான் நினைக்கிறேன். ஓவியங்களைப் பல ஆண்டு பழுதுபார்த்து 2009இல் அவற்றுக்கென்று ஒரு கூடம் திறந்தார்கள்.

அங்கே நெபாமுன் நாணல் படகில் நின்று பறவை வேட்டையாடுகிறார். முகம் பக்கவாட்டில், கண் நேராக, தோள்கள் நேராக, கால்கள் மீண்டும் பக்கவாட்டில். உடலின் ஒவ்வோர் உறுப்பும் எந்தப் பக்கத்தில் தெளிவாகத் தெரியுமோ அந்தப் பக்கத்திலிருந்து வரையப்பட்டிருக்கிறது. சுவரில் சதுரக் கட்டங்கள் இட்டு, உள்ளங்காலிலிருந்து நெற்றியின் முடியோரம் வரை பதினெட்டுக் கட்டம் என்று அளந்து வரைவது அக்கால முறை. தலைவருக்கு நரையும் தொந்தியும் வருவதில்லை. மனைவி சதுப்புநிலத்துக்கு விருந்துக்குப் போவதுபோல் உடுத்தி வந்திருக்கிறார். இதை அன்றாட வாழ்க்கை என்று சொன்னால் தம்பி மறுப்பது முற்றிலும் சரி. என்றென்றும் இப்படி இருக்க வேண்டும் என்ற விருப்பமே இது.

ஆனால் ஓவியர் விதியைத் தலைவரிடம் மட்டுமே கண்டிப்பாகக் காத்திருக்கிறார். வேறொரு துண்டில் வயலின் எல்லைக்கல்லருகே ஒரு முதியவர் குனிந்து நிற்கிறார்: முன்தலை வழுக்கை, மிஞ்சிய முடி கலைந்து நரைத்தது. விருந்துக் காட்சியில் இசைக்கும் பெண்கள் இருவர், முறைக்கு மாறாக, முழு முகத்தோடு நம்மைப் பார்க்கிறார்கள். படகின் அருகே பறவையைக் கவ்வும் பூனையின் கண்ணில் பொன் பூசியிருக்கிறது. சாதாரண மனிதர் வரும் இடத்தில் ஓவியரின் கை இளகுகிறது. அந்த இளக்கத்தில்தான் அன்றாடம் உள்ளே வருகிறது என்று நினைக்கிறேன்.

கை முழுவதும் இளகினால் எப்படி இருக்கும் என்பதற்குத் துரினில் ஒரு சில்லு இருக்கிறது. ஒரு குறிப்பேட்டுத் தாளின் அளவுகூட இல்லாத சுண்ணாம்புக்கல்லில், ஓர் ஆடல் மகள் பின்னோக்கி வில்லாக வளைந்து கையையும் காலையும் தரையில் ஊன்றியிருக்கிறாள். கூந்தல் முழுவதும் கீழே சரிந்து தரையைத் தொடுகிறது. இடுப்பில் ஒரு கறுப்புத் துணி மட்டும். கட்டம் இல்லை, அளவு இல்லை. வயிற்றின் வளைவை ஒரே வீச்சில் இழுத்திருக்கிறார்கள். இதைக் கல்லறைக்காக வரைந்ததாகவோ யாரும் கேட்டு வரைந்ததாகவோ எனக்குத் தோன்றவில்லை. முதல்முறை போனபோது கூட்டத்தில் இது என் கண்ணில் படவே இல்லை.

மார்ச் 16

இரண்டாம் ராமசேஸின் மம்மியில் மிளகு இருந்ததாகச் சொல்கிறார்களே, அது நம் பக்கத்து மிளகா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: அவ்வுடல் 1976இல் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஆராயப்பட்டது, மூக்கினுள் மிளகு மணிகள் இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. மிளகு தென்னிந்தியப் பயிர். எத்தனை கை மாறிப் போயிற்று என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. செங்கடற்கரையின் குசேர் அல்-கதீமில் கிடைத்த தமிழ்-பிராமி எழுத்துள்ள ஓடுகள் உரோமர் ஆட்சிக்காலத்தவை; காவின் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்தியவை. இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 22

மெரிட்டின் பங்கு குறைவு என்று மார்ச் 6இல் எழுதியதை வைத்து, எகிப்தியப் பெண்ணுக்குச் சொத்தே இல்லை என்று சிலர் முடிவுகட்டியிருப்பதைப் படித்தேன். நான் அப்படிச் சொல்லவில்லை. அதே ஊரில், ஐந்தாம் ராமசேஸின் மூன்றாம் ஆட்சியாண்டில், நவுனக்தே என்ற மூதாட்டி ஊர் மன்றத்தின் முன் நின்று தம் சொத்தைப் பிரித்து எழுதிவைத்திருக்கிறார். எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன், வீட்டுக்கு வேண்டியதெல்லாம் கொடுத்தேன், இப்போது நான் முதுமையடைந்துவிட்டேன், சிலர் என்னைக் கவனிக்கவில்லை. என் கையைப் பிடித்தவர்க்கே என் பொருள் என்ற கருத்தில் அவர் பேசுகிறார். கவனித்த ஒரு மகனுக்குத் தனியாக ஒரு வெண்கலக் கிண்ணம் தருகிறார். அவருடைய கல்லறை நமக்குக் கிடைத்திருந்தால் அந்தக் கிண்ணம் அதில் இருந்திருக்காது. மகன் வீட்டில் இருந்திருக்கும்.

மார்ச் 29

கேள்வி கேட்ட தம்பி மே மாதம் தம் தாயாரோடு துரின் போவதாக எழுதியிருக்கிறார். எதை முதலில் பார்ப்பது என்று கேட்கிறார். அம்மாவால் நெடுநேரம் நிற்க முடியாது என்றால் பெரிய சிலைகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆடல் மகளின் சில்லை முன்கூட்டியே அங்குள்ள பணியாளரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள், சிறியது, தவறவிட்டுவிடுவீர்கள். பிறகு கா, மெரிட் கூடத்துக்குப் போய் ரொட்டியையும் துணியையும் மடக்குக் கோலையும் பாருங்கள்.

அங்கே மெரிட்டின் சவப்பேழையருகே சற்று நில்லுங்கள். அது அவருக்கென்று செய்தது இல்லை. அதில் காவின் பெயர்தான் இருக்கிறது. உடல்களை இதுவரை எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஊடுகதிர்ப் படங்களின் வழியே அறிந்தவரை, இறக்கும்போது கா ஐம்பதைத் தாண்டியவர், மெரிட் இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்டவர். மனைவி முந்திக்கொண்டதால், தமக்கென்று செய்துவைத்திருந்த சவப்பேழையைக் கா அவருக்குக் கொடுத்திருக்கிறார். அது மெரிட்டின் உடலுக்குப் பெரிதாக இருந்தது. உடல் அசையாமலிருக்க, சுற்றிலும் இருந்த இடைவெளியில் துணிச்சுருள்களை வைத்து இறுக்கமாக அடைத்திருக்கிறார்கள்.